பலெர்மோவுல என்ன சாப்பிடலாம்? வாசகர் கேள்வி, நம்ம பதில்

சிசிலித் தீவுக்குக் கெளம்பற பிளான்ல இருக்கறவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல ஒரு சின்ன குறிப்பு போட்டிருந்தோம். கோட்டை, சர்ச், பீச்சுன்னு கேப்பாங்கன்னு பார்த்தா வந்ததுல முக்காவாசி பலெர்மோ சாப்பாட்டைப் பத்தித்தான். எனக்கும் அதுதான் சௌகரியம், பலெர்மோல சர்ச்சு மூடியிருக்கற நேரத்துலயும் எண்ணெய்ச்சட்டி அடுப்புல இருக்கும்.

கேள்வி: நாங்க குடும்பத்தோட சுத்த சைவம், முட்டை பால் பரவாயில்ல. பலெர்மோ முழுக்க மீனும் கறியும்தான்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. புளிக்காய்ச்சலும் சப்பாத்தியும் மூட்டை கட்டிட்டுப் போகணுமா? (திருச்சி வாசகி)

மூட்டை வேணாங்க. ஊறுகாய் பாட்டில் ஒண்ணு வேணா வச்சுக்கோங்க, அது மனசு சமாதானத்துக்கு.

பலெர்மோல சைவச் சாப்பாடு நெறையவே இருக்கு, பிரச்சனை என்னன்னா சைவம் மாதிரி தெரியறது சைவமா இருக்காது, பேரைக் கேட்டா நாம ஓடிப்போற ஐட்டம் அப்பட்டமான காய்கறியா இருக்கும். ஒரு உதாரணம் சொல்றேன். மெனுவுல "ஃபேகத்தோ ஆய் செத்தே கன்னோலி"ன்னு போட்டிருக்கும், கூகுள்ல போட்டுப் பார்த்தா ஈரல்னு வரும், நீங்க மெனுவையே மூடி வச்சிருவீங்க. ஆனா தட்டுல வர்றது மஞ்சப் பூசணிக்காய், மெல்லிசா நறுக்கி ஆலிவ் எண்ணெய்ல பொரிச்சு, பூண்டு, வினிகர், சக்கரை, புதினா போட்டு ஆற வச்சது. பணக்காரங்க வீட்டுல ஈரலை அப்படிப் புளிப்பு இனிப்பா சமைப்பாங்களாம், வாங்க முடியாதவங்க அதே மசாலாவைப் பூசணிக்காய்ல ஏத்திட்டாங்க. இந்த ஊரு சமையல்ல பாதி இப்படி வந்ததுதான். சின்ன கத்தரிக்காயைக் கீறி விசிறி மாதிரி விரிச்சுப் பொரிச்சு அதுக்கு காடைன்னு பேரு வச்சிருக்காங்க, காடை வாங்கக் காசில்லாதவங்க கண்டுபிடிச்சதுன்னு சொல்லாமலே புரியுதுல்ல.

நீங்க முதல் நாளே தேட வேண்டியது பனெல்லே. கடலைமாவைத் தண்ணில கரைச்சு உப்புப் போட்டு கட்டி தட்டாம களி மாதிரி கிண்டி, பார்ஸ்லி இலை தூவி, பலகைல மெல்லிசா பரப்பி ஆறினதும் வெட்டி எண்ணெய்ல போட்டு எடுப்பாங்க, எள்ளு ஒட்டின பன்னுக்குள்ள நாலஞ்சு அடுக்கி மேல எலுமிச்சை பிழிஞ்சு குடுப்பாங்க. ரெண்டு மூணு யூரோதான் வரும், வயிறு நெறஞ்சிரும். கூடவே "கசில்லி"ன்னு உருளைக்கிழங்கு உருண்டை இருக்கும், அதையும் அதே பன்லயே வைக்கச் சொல்லுங்க. அப்புறம் கபொனாத்தா, கத்தரிக்காய் செலரி ஆலிவ் கேப்பர் எல்லாம் தக்காளி வினிகர் சக்கரையோட, சூடா குடுக்க மாட்டாங்க, ஆறித்தான் வரும், திருப்பி அனுப்பிராதீங்க. பாஸ்தா அல்லா நோர்மா கட்டானியா ஊரு ஐட்டம்னாலும் இங்க எங்கயும் கிடைக்கும், பொரிச்ச கத்தரிக்காய், தக்காளி, மேல துருவின உப்பு ரிகோட்டா சீஸ்.

இனி மாட்டிக்கற இடம். அரஞ்சீனா, அதாவது அரிசிச் சோத்தை உருட்டி உள்ள பூரணம் வச்சுப் பொரிச்ச உருண்டை, அதுல "பூர்ரோ"ன்னு ஒண்ணு இருக்கு, பூர்ரோன்னா வெண்ணெய், நம்ம ஆளுங்க நம்பி வாங்கிடுவாங்க, உள்ள ஹாம் இருக்கும். கீரை வச்சது இருக்கான்னு கேளுங்க. ஸ்ஃபிஞ்சோனே பார்க்க வெறும் தக்காளி வெங்காயம் போட்ட தடி ரொட்டி மாதிரி இருக்கும், ஆனா நெத்திலி வகை மீன் கரைஞ்சு கலந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. கன்னோலின்னு குழலுக்குள்ள ரிகோட்டா நிரப்பின இனிப்பு, அதோட மொறுமொறு ஓடு, கண்ணாடிப் பெட்டில இருக்கற அந்தப் பளபளப்பான பன்னு இதெல்லாம் பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பண்றது, எல்லாக் கடைலயும் இல்ல, ஆனா கேக்காம வாங்காதீங்க. ரொம்பக் கறாரா இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, பெக்கொரீனோ மாதிரி பழைய சீஸுக்குப் பால் திரிக்கறது கன்னுக்குட்டி ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னெட்.

சொல்ல வேண்டியது இவ்ளோதான்: "சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா அச்யூகே, சென்சா ஸ்த்ரூத்தோ." கறி இல்லாம, மீன் இல்லாம, நெத்திலி இல்லாம, பன்றிக்கொழுப்பு இல்லாம. வெறும் "வெஜிடேரியன்"னு சொன்னா நெத்திலியெல்லாம் கணக்குல வராதுன்னு நினைக்கறவங்க இருக்காங்க, அதனால நாலையும் சொல்லிருங்க.

கேள்வி: பலெர்மோல சாயந்தரம் ஆறரை மணிக்கு ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போனோம், கதவே திறக்கல. எட்டு மணிக்கு வேற இடத்துல சாப்பிட்டா பில்லுல ஆளுக்கு ரெண்டு யூரோ எதுக்குன்னே தெரியாம போட்டுட்டாங்க, தண்ணிக்கும் காசு. ஏமாத்திட்டாங்களா மேடம்? (சென்னை வாசகர்)

ஏமாத்தல. அந்த ரெண்டு யூரோ "கொபெர்த்தோ", மேஜைல உக்கார்ந்ததுக்கு, ரொட்டிக்கு, துணிக்குன்னு சேர்த்து வாங்கற காசு, இத்தாலி முழுக்க பல இடத்துல உண்டு, மெனு கார்டுல ஓரமா பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அப்படிப் போடாம வாங்கினாத்தான் தப்பு, அப்ப தாராளமா கேளுங்க. தண்ணி பாட்டில்லதான் வரும், கேஸ் உள்ளதா இல்லாததான்னு கேப்பாங்க. டிப்ஸ் கட்டாயம் இல்ல.

நேரம்தான் நம்ம ஆளுங்களுக்கு ஒத்துவராது. மதியம் ஒரு மணிலேர்ந்து மூணு வரைக்கும், ராத்திரி ஏழரை எட்டுக்கு மேல, கோடைல ஒன்பதுக்குத்தான் உள்ளூர்க்காரங்களே வருவாங்க. நடுவுல கிச்சன் மூடியிருக்கும். அந்த நேரத்துல பசிச்சா பார்னு போர்டு போட்ட கடைக்குப் போங்க, பார்னா சரக்குக் கடை மட்டும் இல்ல, காபி, பன்னு, அரஞ்சீனா எல்லாம் நாள் முழுக்க அங்கதான். காபியை நின்னுக்கிட்டே குடிச்சா ஒரு விலை, உக்கார்ந்தா வேற விலைன்னு வைக்கற கடைங்க இருக்கு, உக்கார்றதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

கேக்காமலே ஒண்ணு சொல்றேன். வியா மக்குவேதா மாதிரி டூரிஸ்ட் கூட்டம் போற ரோட்டுல, வாசல்ல ஆளு நின்னு கூப்பிட்டு, எட்டு மொழில போட்டோ மெனு வச்சிருந்தா தாண்டிப் போயிருங்க. கெட்டுப்போனது குடுப்பான்னு சொல்லல, சுவாரசியமே இல்லாதது குடுப்பான்.

கேள்வி: அக்கா, நான் குடல்கறி, சுவரொட்டி, ரத்தப்பொரியல் எதையும் விட்டு வச்சதில்ல. பலெர்மோல என் ரேஞ்சுக்கு ஏதாவது உண்டா? (மதுரைக்காரன்)

தம்பி, உனக்காகத்தான் அந்த ஊரையே கட்டி வச்சிருக்காங்க.

சுவரொட்டிலேர்ந்தே ஆரம்பிப்போம். பானி கா மேவுசான்னு ஒரு பன். கன்னுக்குட்டி மண்ணீரலும் நுரையீரலும் வேகவச்சு மெல்லிசா சீவி, பெரிய சாய்ஞ்ச சட்டில பன்றிக்கொழுப்புல போட்டுப் புரட்டிக்கிட்டே இருப்பாங்க, நீ கேட்டதும் முள்கரண்டில அள்ளி எண்ணெய் வடிச்சு எள்ளு பன்ல வச்சு அமுக்கிக் குடுப்பாங்க. ரெண்டு வகையா கேக்கலாம், "ஸ்கியெத்தா"ன்னா வெறும் எலுமிச்சை உப்பு, "மரிதாத்தா"ன்னா மேல ரிகோட்டாவும் துருவின சீஸும். முதல் தடவை எலுமிச்சையோட சாப்பிடு, அப்பத்தான் மண்ணீரல் ருசி தெரியும், சீஸ் போட்டா எல்லாத்தையும் மூடிரும். 1834லேர்ந்து நடக்கற அந்திக்கா ஃபொக்காச்செரியா சான் ஃபிரான்செஸ்கோவுலயும் இது உண்டு, மேஜை நாற்காலியோட, ஆனா இது நின்னுக்கிட்டு சட்டை மேல சிந்திக்கிட்டு சாப்பிடற சாமான்ங்கறது என் அபிப்பிராயம்.

இது எப்படி வந்துச்சுன்னு ஊர்ல ஒரு கதை சொல்லுவாங்க. பலெர்மோல மாடு அறுக்கற வேலை பார்த்த யூதர்கள் மத வழக்கப்படி அதுக்குக் காசு வாங்க மாட்டாங்க, கூலியா உள் உறுப்புகளை எடுத்துக்கிட்டு அதைச் சமைச்சு வித்தாங்கன்னு. சிசிலி அப்ப ஸ்பெயின் ராஜா கைல, 1492ல யூதர்கள் வெளியேறணும்னு போட்ட உத்தரவு இங்கயும் வந்து 1493 ஜனவரியோட எல்லாரும் போயாச்சு. பன் மட்டும் தங்கிருச்சு, இன்னைக்கு அதை வதக்கறது பன்றிக்கொழுப்புல, மேல சீஸ் வேற, ஒரு யூதரும் கையால தொட முடியாதபடி. பன்றி ஒத்துக்காத நம்ம வாசகர்களும் இதைக் கவனிச்சுக்கோங்க.

அடுத்தது குடல். ஸ்டிக்யோலா. ஆட்டுக்குடலையோ கன்னுக்குட்டிக் குடலையோ கழுவி வெங்காயத்தாள் பார்ஸ்லி மேல சுத்தி, கரி அடுப்புல வாட்டி, துண்டு போட்டு உப்பும் எலுமிச்சையும். அட்ரஸ் கேக்காத, சாயந்தரம் எந்தத் தெருமுக்குல வெள்ளைப் புகை எழும்புதோ அங்க போ. பல்லரோ சந்தையைச் சுத்தியும், ராத்திரில வுச்சிரியாலயும் நிச்சயம் இருக்கும். வுச்சிரியா ஒரு காலத்துல பெரிய பகல் சந்தை, ரெனாத்தோ குத்தூசோ 1974ல வரைஞ்ச பெரிய ஓவியத்துல மீனும் கறியும் பழமுமா பொங்கி வழியும், இப்ப பகல்ல போனா ஏமாந்துருவ, ராத்திரிதான் உயிர் வருது.

கடைசியா ஃப்ரித்தோலா. பின்னின கூடை, மேல துணி, உள்ள என்னன்னு காட்டவே மாட்டாங்க, ஆளு துணிக்கு அடில கையை விட்டு ஒரு பிடி அள்ளி காகிதத்துல வச்சு மிளகு தூவிக் குடுப்பாரு. கன்னுக்குட்டியோட மிச்சம் மீதி, சவ்வு, ஜவ்வு, கொழுப்பு, வேகவச்சுப் பொரிச்சது. எந்தப் பகுதின்னு கேக்கறது அங்க மரியாதை இல்ல.

கேள்வி: நல்ல பீட்சா பலெர்மோல எங்க கிடைக்கும்? (ஈரோடு)

நாப்போலில, அதாவது நேப்பிள்ஸ்ல.

பலெர்மோல இருக்கறப்ப ஸ்ஃபிஞ்சோனே சாப்பிடுங்க. லாப்பான்னு மூணு சக்கர வண்டில கொண்டு வருவாங்க, நம்ம ஊருல ஓடற அதே பியாஜியோ ஆப்பே ஆட்டோதான், ஸ்பீக்கர்ல ரெக்கார்ட் பண்ணின குரல் கத்திக்கிட்டே போகும், "எண்ணெய் கம்மி, தூசி ஜாஸ்தி"ன்னு. தன் சரக்கை தானே இப்படிக் கிண்டல் பண்ணி விக்கற வியாபாரியை வேற எங்கயும் நான் கேட்டதில்ல.

கேள்வி: மாஃபியா ஊராச்சே, ஹோட்டல்ல குடுக்கற காசு அவங்களுக்குத்தான் போகுதுன்னு சொல்றாங்களே? (கோவை வாசகர்)

பயந்துக்கிட்டு பயணத்தை நிறுத்தத் தேவையில்ல, ஆனா கேள்வி நியாயமானதுதான். கடைக்காரங்ககிட்ட மாமூல் வாங்கறதுக்கு அங்க "பிட்சோ"ன்னு பேரு. 1991ல லிபெரோ கிராஸின்னு துணி தயாரிக்கற ஒரு முதலாளி தர மாட்டேன்னு பேப்பர்லயே எழுதினாரு, அந்த ஆகஸ்ட்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க. 2004ல சில இளவட்டங்க ராத்திரியோட ராத்திரியா ஊரு பூரா ஸ்டிக்கர் ஒட்டினாங்க, மாமூல் கட்டற மொத்த சனமும் மானம் இல்லாத சனம்ங்கற அர்த்தத்துல. அதுலேர்ந்து வளர்ந்ததுதான் அத்தியோபிட்சோ அமைப்பு. மாமூல் தர மாட்டோம்னு கையெழுத்துப் போட்ட கடைங்க அவங்க ஸ்டிக்கரை வாசல்ல ஒட்டியிருப்பாங்க, பார்த்து உள்ள போங்க. மாஃபியாகிட்ட பறிமுதல் பண்ணின சொத்தைப் பொது நன்மைக்குக் குடுக்கலாம்னு 1996ல சட்டம் வந்துச்சு, அந்த நிலத்துல கூட்டுறவுக்காரங்க விளைவிச்ச பாஸ்தா, ஒயின், எண்ணெய் "லிபெரா தெர்ரா"ங்கற பேர்ல கிடைக்குது, ஊருக்கு வாங்கிட்டு வர்றதுக்கு காந்தம் ஒட்டின பொம்மையை விட அது மேல்.

மாஃபியா பேரு போட்ட டீஷர்ட், காட்ஃபாதர் படம் ஒட்டின கடை இதெல்லாம் நிறைய பார்ப்பீங்க. எனக்குப் பிடிக்காது, அங்க வீட்டு வீட்டுக்கு ஒரு சாவு ஞாபகம் இருக்கு.

கேள்வி: வணக்கம் அக்கா, நாங்கள் பாரிசில இருக்கிறம். பலெர்மோவில எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கினம் எண்டு கேள்விப்பட்டனாங்கள். ஜூலையில போனா என்ன விசேஷம், சாப்பிட என்ன கிடைக்கும்? (யாழ்ப்பாணத்து வாசகி)

உண்மைதான், 1980கள்லேர்ந்து இலங்கைத் தமிழர்கள் அங்க வந்து குடியேறினாங்க, அரிசி, தேங்காய்ப்பால், தூள் எல்லாம் விக்கற கடைங்க பழைய நகரத்துக்குள்ளயே இருக்கு, அதனால குழந்தைகளுக்குச் சோறு குழம்புதான் வேணும்னா வழி உண்டு. இன்னொரு விசேஷம், ஊருக்கு மேல பெல்லெக்ரீனோ மலைல சாந்தா ரொசாலியா குகைக் கோயில், அங்க ஞாயித்துக்கிழமை போனா நம்ம சனத்தைப் பார்க்கலாம், சைவ சமயத்துக்காரங்களும் மாதாவைக் கும்பிடற மாதிரியே வந்து கும்பிட்டுப் போவாங்க. 1624ல கொள்ளைநோய் வந்தப்ப இந்தப் புனிதையோட எலும்புகளை ஊர்வலமா கொண்டு போனதும் நோய் நின்னுச்சுங்கறது ஊரோட நம்பிக்கை.

ஜூலை 14 ராத்திரி அவங்களுக்குத் திருவிழா. பெரிய தேரு கதீட்ரல் பக்கத்துலேர்ந்து கடல் வரைக்கும் வரும், அப்புறம் வாணவேடிக்கை. தின்பண்டம் எல்லாம் ரோட்டோரம்தான்: அவிச்ச சோளம், வறுத்த கொண்டைக்கடலையும் பூசணி விதையும் கலந்த பொட்டலம், தர்ப்பூசணி, ஸ்ஃபிஞ்சோனே, அவிச்ச கணவாய் இனத்து ஆக்டோபஸ், அப்புறம் "பாப்பலூச்சி". இது பூண்டுல வதக்கின பொடி நத்தை, ஓட்டோட வாய்ல வச்சு சத்தமா உறிஞ்சணும், சத்தம் வரலன்னா உங்களுக்கு சாப்பிடத் தெரியலன்னு அர்த்தம். வெயில் கொளுத்தும், அதனால பகல்ல சுத்தாதீங்க.

கேள்வி: பாஸ்தாவை சீனாலேர்ந்து மார்க்கோ போலோ கொண்டு வந்தாருன்னு படிச்சேன், அரபுக்காரங்கதான் சிசிலிக்குக் கொண்டு வந்தாங்கன்னு எங்க சார் சொல்றாரு. எது சரி? (தஞ்சாவூர் கல்லூரி மாணவி)

உங்க சார் பக்கம் நான். மார்க்கோ போலோ வெனிஸுக்குத் திரும்பினது 1295. அதுக்கு நூத்திச் சொச்சம் வருஷம் முன்னாடியே, 1154ல, பலெர்மோல ரெண்டாம் ரோஜர் ராஜா சபைல இருந்த அல் இத்ரீசிங்கற அரபுப் பூகோள அறிஞர் எழுதி வச்சிருக்காரு, பலெர்மோவுக்குக் கிழக்க திராபியாங்கற ஊருல இத்ரியான்னு மாவுப் பண்டம் செஞ்சு கப்பல் கப்பலா ஏத்துமதி பண்றாங்கன்னு. இத்ரியா காய்ஞ்ச நூல் பாஸ்தா. அரபுக்காரங்க 831ல பலெர்மோவைப் பிடிச்சு 1072ல நார்மன்காரங்ககிட்ட விட்டாங்க, ஆனா சமையல்கட்டை விட்டுப் போகல.

அதைத் தட்டுலயே பார்க்கணும்னா பாஸ்தா கான் லே சார்தே. மத்தி மீன், காட்டுச் சோம்புக்கீரை, உலர்ந்த திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ. மீன்ல திராட்சையான்னு முகம் சுளிக்காதீங்க. மேல சீஸுக்குப் பதிலா ரொட்டித்தூளை எண்ணெய்ல வறுத்துத் தூவுவாங்க, சீஸ் வாங்க முடியாத வீட்டுல ஆரம்பிச்சது, இப்ப அது இல்லாம ஒத்துக்கவே மாட்டாங்க. மத்தியும் வாங்க முடியாத நாள்ல மீதி எல்லாத்தையும் போட்டுச் செஞ்சுட்டு, "மத்தி இன்னும் கடல்லதான் இருக்கு"ன்னு பேரு வச்சிருக்காங்க. திருச்சி வாசகி கவனிங்க, அதுலயும் பெரும்பாலும் நெத்திலி இருக்கும்.

கேள்வி: இனிப்பு பத்தி சொல்லுங்க மேடம். எங்க பையனுக்குக் கொட்டை அலர்ஜி வேற. (சேலம் வாசகி)

அலர்ஜின்னா பலெர்மோ இனிப்புக்கடை கொஞ்சம் ஆபத்தான இடம், பாதாமும் பிஸ்தாவும் எல்லாத்துலயும் இருக்கும், கஸ்ஸாத்தான்னு ரிகோட்டா கேக்குல வெளிச்சுத்து முழுக்க பாதாம் மாவு, பழம் மாதிரியே வண்ணம் அடிச்சு வச்சிருக்கற மார்த்தொரானா மொத்தமும் பாதாமும் சக்கரையும்தான். ஐரோப்பிய யூனியன் சட்டப்படி 14 வகை அலர்ஜிப் பொருளைக் கேட்டா சொல்லியே ஆகணும், "ஃப்ரூத்தா அ குஷோ"ன்னு கேளுங்க, அதான் கொட்டை வகை. தெருவண்டில பையனுக்கு இனிப்பு வேணாம்.

மத்தவங்களுக்கு: கன்னோலி கடைல முன்னாடியே நிரப்பி வச்சிருந்தா வாங்காதீங்க, கேட்டப்புறம் நிரப்பிக் குடுக்கறதுதான் கன்னோலி, இல்லன்னா ஓடு நமத்துரும். பெல்லீனி சதுக்கத்துல சாந்தா கத்தரீனா மடத்துக்குள்ள கன்னியாஸ்திரிகளோட பழைய செய்முறைப்படி பண்ற இனிப்புக்கடை இருக்கு, முற்றத்துல உக்கார்ந்து சாப்பிடலாம். கோடைல போனா ஜெலோ தி மெல்லோனே, தர்ப்பூசணிச் சாறுல ஸ்டார்ச் சேர்த்துக் காய்ச்சி மல்லிகைப்பூ வாசனை ஏத்தி ஆற வச்சது. ஜெலட்டின் கிடையாது, சைவத்துக்கு ஓகே. மேல பிஸ்தா தூவுவாங்க, பையன் இருந்தா முதல்ல கேளுங்க.

கேள்வி: சொகுசுக் கப்பல்ல வர்றோம், பலெர்மோல காலைலேர்ந்து மதியம் வரைக்கும்தான் டைம். எங்க சாப்பிடறது? (புதுச்சேரி தம்பதி)

ரெஸ்டாரண்டை மறந்துருங்க, பகல்லதான் இந்த ஊரு நல்லாச் சாப்பிடுது. துறைமுகத்துலேர்ந்து நடந்தே தெயாத்ரோ மாஸ்ஸிமோ வரைக்கும் வாங்க, 1897ல திறந்த பெரிய ஓபரா கட்டடம், விசாரிக்கவே வேண்டாம். அதுக்குப் பின்னாடி காப்போ சந்தை. உள்ள நுழைஞ்சு பொரிக்கற கடை எதுல உள்ளூர்க் கிழவிங்க பை மாட்டிக்கிட்டு நிக்கறாங்களோ அங்க பனெல்லே, கசில்லி. இன்னும் கொஞ்சம் நடந்து வியா மக்குவேதா வழியா பல்லரோ போனா மீன், ஆலிவ், வெயில்ல காயவச்ச தக்காளி, அவிச்ச உருளைக்கிழங்கும் வெங்காயமும் அப்படியே சுடச்சுட விப்பாங்க. ஞாயித்துக்கிழமையா இருந்தா சீக்கிரமே மூடிருவாங்க, திங்கக்கிழமைல மீன் கம்மி, முந்தின நாள் படகு போயிருக்காது.

சில்லறை யூரோ வச்சுக்கோங்க, அம்பது யூரோ நோட்டை நீட்டினா பனெல்லேக்காரர் முகமே மாறிரும்.